அறுபத்தைந்து நாள் பிரதமர்: இஷிபாஷி தன்சானின் வாழ்வும் பணியும்

இஷிபாஷி தன்சான் 1956 டிசம்பர் 23 முதல் 1957 பிப்ரவரி 25 வரை 65 நாட்கள் ஜப்பானின் பிரதமராக இருந்தார். இன்றைய அரசமைப்பின்கீழ் அவரைவிடக் குறைந்த காலம் அப்பதவியில் இருந்தவர் ஒருவர்தான்: 1994-இல் 64 நாட்கள் ஆண்ட ஹதா ட்சுதோமு. பழைய மெய்ஜி அரசமைப்புக் காலத்தையும் கணக்கில் சேர்த்தால், போரில் தோற்ற கையோடு 1945-இல் 54 நாட்கள் பிரதமராக இருந்த இளவரசர் ஹிகாஷிகுனி இருவரையும் முந்திவிடுவார். அற்பாயுளில் முடிந்த அமைச்சரவைகள் ஜப்பானுக்குப் புதியவை அல்ல. அவற்றின் தலைவர்கள் பெரும்பாலும் பட்டியல்களில் மட்டுமே வாழ்கிறார்கள். தன்சான் விதிவிலக்கு. அவரைப் பற்றிய ஆய்வு நூல்கள் இன்றும் வருகின்றன. அவர் பெயரில் விருதுகள் உள்ளன. நாடாளுமன்றத்தில் பல கட்சியினர் கூடி அவர் சிந்தனையைப் படிக்கிறார்கள். இரண்டு மாதம் நாற்காலியில் இருந்தவருக்கு இந்த நினைவு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை அந்த இரண்டு மாதங்களில் இல்லை. அதற்கு முன் அவர் பத்திரிகையாளராக உழைத்த ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளில் இருக்கிறது.

தன்சான் 1884 செப்டம்பர் 25 அன்று டோக்கியோவில் பிறந்தார். தந்தை நிச்சிரென் பௌத்தப் பிரிவின் துறவி; பிற்காலத்தில் அப்பிரிவின் தலைமைக் கோயிலான மினோபு மலையின் குயோன்ஜிக்கே தலைமை ஏற்றவர். மகன் தாய்வழிக் குடும்பப் பெயரான இஷிபாஷியைப் பெற்றார். பிள்ளைப் பருவம் யாமனாஷி மாவட்டத்தின் கோஃபு நகரை ஒட்டிக் கழிந்தது. பத்து வயதில் தந்தை அவரை மொச்சிசுகி நிக்கென் என்ற மற்றொரு துறவியின் கோயிலில் விட்டுச் சென்றார். பிள்ளையைத் தானே வளர்த்தால் செல்லம் கெடுத்துவிடும் என்று கருதிய அக்காலத் துறவிகளிடையே இது வழக்கத்துக்கு மாறான செயல் அல்ல.

பள்ளியில் அவர் சூட்டிகையான மாணவராக இருக்கவில்லை. கோஃபு நடுநிலைப் பள்ளியில் இரண்டு முறை வகுப்பில் தேறாமல் நின்றார். அந்த இரண்டு ஆண்டுத் தாமதத்தால்தான் 1901-இல் தலைமையாசிரியராக வந்த ஓஷிமா மசாதகேயிடம் படிக்க நேர்ந்தது. ஓஷிமா, சப்போரோ வேளாண் கல்லூரியில் அமெரிக்கரான வில்லியம் கிளார்க்கின் நேரடி மாணவர். மாணவனின் மனசாட்சியை நம்பி, விதிகளைக் குறைத்து நடத்தும் கிளார்க்கின் கல்வி முறை ஓஷிமா வழியாகத் தன்சானிடம் வந்து சேர்ந்தது. பிறகு, அரசு உயர்பதவிகளுக்கு வாசலாக இருந்த முதல் உயர்நிலைப் பள்ளியின் நுழைவுத் தேர்விலும் இருமுறை தோற்றார். எனவே தனியார் நிறுவனமான வாசெதா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மெய்யியல் படித்து 1907-இல் பட்டம் பெற்றார். அங்கே அவர்மீது ஆழப் பதிந்தவர், சிகாகோவில் ஜான் டூயியிடம் பயின்று திரும்பியிருந்த தனாகா ஓதோ. ஒரு கருத்து சரியா தவறா என்பதை அது நடைமுறையில் என்ன விளைவைத் தருகிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்ற பயன்வழிக் கொள்கை அவரிடமிருந்து வந்தது. தன்சானின் பிற்கால எழுத்து முழுவதும் இந்த ஒரு பழக்கத்தின் விரிவு என்று சொன்னால் மிகையாகாது.

சிறிது காலம் நாளிதழ் ஒன்றில் செய்தியாளர் பணி, அதன்பின் ஓராண்டு ராணுவச் சேவை. 1911 ஜனவரியில் அவர் தோயோ கெய்சாய் ஷிம்போ நிறுவனத்தில் சேர்ந்தார். 1895-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் வணிகர்களும் தொழிலதிபர்களும் படிக்கும் பொருளாதார இதழை நடத்திவந்தது. கூடவே நடத்திய சமூக, அரசியல் திங்களிதழ் ஒன்றுக்காகவே தன்சான் எடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அந்தத் திங்களிதழ் நின்றுபோக, மெய்யியல் படித்தவர் பொருளாதார இதழுக்கு மாற வேண்டியதாயிற்று. பொருளாதாரத்தை அவர் எந்த வகுப்பறையிலும் கற்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே நூல்களை வாங்கிப் படித்துக் கற்றார். 1924-இல் தலைமை ஆசிரியரானார். விரைவில் நிறுவனத்தையும் நடத்தத் தொடங்கினார்.

அவருக்கு முன் ஆசிரியராக இருந்த மியுரா தெட்சுதாரோ 1913-இலேயே பெரிய ஜப்பானா சிறிய ஜப்பானா என்ற கேள்வியை இதழில் எழுப்பியிருந்தார். நிலத்தைப் பிடித்து விரிவது பெரிய ஜப்பான். உள்நாட்டு மக்களின் உழைப்பையும் உரிமையையும் வளர்த்து, உலகோடு வணிகம் செய்து வாழ்வது சிறிய ஜப்பான். இந்தக் கருத்தைத் தன்சான் கண்டுபிடிக்கவில்லை. அதைக் கடைசி எல்லைவரை கொண்டு சென்றவர் அவர். பேரரசர் மெய்ஜி 1912-இல் மறைந்தபோது நாடே நினைவுக் கோயில் கட்ட முனைந்தது. அந்தப் பணத்தில் நோபல் பரிசு போன்ற ஓர் உலகப் பரிசை ஏற்படுத்தலாமே என்று 27 வயது தன்சான் எழுதினார். 1914-இல் முதல் உலகப் போரைச் சாக்கிட்டு ஜப்பான் சீனத்தின் சிங்தாவோ துறைமுகத்தைக் கைப்பற்றியபோது அதை வைத்துக்கொள்ளவே கூடாது என்றார். மறு ஆண்டு சீனத்தின்மீது சுமத்தப்பட்ட 21 கோரிக்கைகளையும் எதிர்த்தார். 1919-இல் கொரியாவில் மார்ச் முதல் நாள் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. எந்த இனமும் அயலார் ஆட்சியை விரும்பி ஏற்காது, கொரியர் தன்னாட்சி பெறும்வரை எதிர்ப்பு ஓயாது என்று எழுதிய ஜப்பானிய இதழ்கள் மிகச் சில; தோயோ கெய்சாய் அவற்றுள் ஒன்று.

அவர் எழுத்தின் உச்சம் 1921 கோடைக் காலம். கடற்படைக் குறைப்பையும் கிழக்காசியச் சிக்கல்களையும் பேச அமெரிக்கா வாஷிங்டனில் மாநாடு கூட்டவிருந்தது. ஜப்பானியப் பத்திரிகைகள் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று பேரம் பேசிக்கொண்டிருந்தன. தன்சான் இரண்டு கட்டுரைகள் எழுதினார். எல்லாவற்றையும் துறக்கத் துணிய வேண்டும் என்றது முதல் கட்டுரை. மஞ்சூரியாவை விடுங்கள், ஷான்தோங்கை விடுங்கள், கொரியாவுக்கும் தைவானுக்கும் விடுதலை கொடுங்கள். அப்படிச் செய்தால் மாநாட்டில் தர்மசங்கடப்படப் போவது பிரிட்டனும் அமெரிக்காவும்தான் என்று அது வாதிட்டது. இந்தியாவும் எகிப்தும் பாரசீகமும் ஹைத்தியும் தங்களுக்கும் அதே விடுதலை வேண்டுமெனக் கேட்டு எழும் என்றும் சொன்னது. இலட்சிய முழக்கம் போலத் தோன்றும் இந்த வாதத்துக்கு இரண்டாம் கட்டுரை கணக்கு எழுதியது. பெரிய ஜப்பான் என்பது மாயை என்று நிறுவவே அது எழுதப்பட்டது.

1920-இன் வணிக எண்களை அவர் எடுத்து வைத்தார். கொரியா, தைவான், மஞ்சூரியாவின் குவான்துங் பகுதி ஆகிய மூன்றோடும் சேர்த்து ஜப்பான் செய்த வணிகம் 90 கோடி யென்னைச் சற்றே தாண்டியது. அமெரிக்காவோடு மட்டும் 143 கோடியே 80 லட்சம் யென். ஒரு சாண் நிலம்கூடச் சொந்தமில்லாத இந்தியாவோடு 58 கோடியே 70 லட்சம். பிரிட்டனோடு 33 கோடி. பஞ்சும் இரும்பும் பெரும்பாலும் பிடித்த நிலங்களிலிருந்து வரவில்லை. மக்கள் பெருக்கத்துக்கு இடம் வேண்டும் என்ற வாதமும் எண்களின் முன் நிற்கவில்லை. ரஷ்யப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜப்பானின் மக்கள்தொகை 90 லட்சத்துக்கும் மேல் கூடியிருக்க, அந்த நிலங்களில் குடியேறி வாழ்ந்த ஜப்பானியர் எல்லோரையும் கூட்டினாலும் எட்டு லட்சம் தேறவில்லை. மிஞ்சியது பாதுகாப்பு என்ற காரணம். அதையும் அவர் தலைகீழாகத் திருப்பினார்: அந்த நிலங்கள் இருப்பதால்தான் அவற்றைக் காக்கப் படை தேவைப்படுகிறது, அவற்றை விட்டுவிட்டால் ஜப்பானைத் தாக்க எவருக்கும் காரணமில்லை.

ஆதிக்கத்தை அறத்தின் பெயரால் எதிர்த்தவர்கள் அன்றைய ஜப்பானில் வேறு சிலரும் இருந்தனர். கிறித்தவர்கள் எதிர்த்தனர், சோஷலிஸ்டுகள் எதிர்த்தனர். பேரேட்டைத் திறந்து காட்டி, இது நஷ்டத் தொழில் என்று தொழிலதிபர்களிடமே சொன்னவர் தன்சான். அவருடைய தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. அறமும் ஆதாயமும் ஒரே பக்கம் நிற்பதாகக் காட்டியதால் அவர் வாதத்தை மறுப்பது கடினமாக இருந்தது. அலட்சியம் செய்வது எளிதாக இருந்தது. நாடு அலட்சியம் செய்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் அந்த நிலங்கள் அனைத்தையும் ஜப்பான் இழந்தது. அதன்பின் அமெரிக்காவோடும் உலகோடும் செய்த வணிகத்தால் முன்பு கண்டிராத செல்வத்தை அடைந்தது. 1921-இன் கணக்கு சரியாக இருந்ததென்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

1920-களின் இறுதியில் அவர் நடத்திய பெரிய போர் நாணயத்தைப் பற்றியது. தங்க ஏற்றுமதித் தடையை நீக்கி யென்னைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு பிணைக்க நிதி அமைச்சர் இனோவே ஜுன்னோசுகே முனைந்தார். யென்னின் உண்மை மதிப்பு இறங்கிவிட்டது, இறங்கிய மதிப்பிலேயே பிணைக்க வேண்டும், இல்லையேல் விலைகள் சரிந்து தொழில்கள் முடங்கும் என்று தன்சானும் தகஹாஷி கமேகிச்சி முதலிய மூன்று பொருளாதார எழுத்தாளர்களும் எழுதினர். கல்வியாளர்களும் பெரிய நாளிதழ்களும் அமைச்சர் பக்கம் நின்றனர். 1930 ஜனவரியில் தடை பழைய மதிப்பில் நீக்கப்பட்டது. உலகப் பெருமந்தமும் சேர்ந்துகொள்ள, பட்டுக்கூடு விலை வீழ்ந்து கிராமங்கள் நொடித்தன. 1931 டிசம்பரில் அடுத்த நிதி அமைச்சர் தகஹாஷி கொரேகியோ தங்கத்தை மீண்டும் தடுத்த பிறகே நிலைமை சீரானது. கல்வித்துறையைச் சேராத பொருளாதாரவாதிகள் சொன்னது பலித்தது. இதே வழியில் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் கருத்துகளை ஜப்பானில் முதலில் ஆர்வத்தோடு வாங்கிக்கொண்டவர்களில் ஒருவராகவும் தன்சான் ஆனார். கெய்ன்ஸின் பொதுக் கோட்பாடு 1941-இல் ஜப்பானிய மொழியில் வந்தபோது அதை வெளியிட்டது தோயோ கெய்சாய்தான்.

ஆய்வாளர்கள் ஒத்துப்போகாத பகுதி 1931-க்குப் பின் தொடங்குகிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் ராணுவம் மஞ்சூரியாவில் இறங்கியபோது தன்சான் வெளிப்படையாக எதிர்த்தார்; சீனர்கள் ஒரே நாடாக ஒன்றுபடும் விருப்பத்தை ஏற்காமல் தீர்வே கிடையாது என்றார். ஆனால் மறு ஆண்டு மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசு நிறுவப்பட்டபின் குரல் தணிந்தது. நடந்தது நடந்துவிட்டது, இனி அதை நல்லபடி கொண்டுசெல்ல வேண்டும் என்ற தொனியில் தலையங்கங்கள் வந்தன. போர் முற்றிய ஆண்டுகளில் அரசின் பொருளாதாரத் திட்டங்களோடு ஒத்துழைக்கும் கட்டுரைகளையும் இதழ் வெளியிட்டது. வழுக்கல் என்று இதைக் கண்டிப்போர் உண்டு. தணிக்கையும் காகிதப் பங்கீடும் கழுத்தை நெரித்த காலத்தில் இதழை உயிரோடு வைத்திருந்ததே எதிர்ப்பு என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டிலும் உண்மை உள்ளது. மஞ்சூரியாவைப் பொறுத்தவரை அவர் பின்வாங்கினார்; அதை மறைப்பதற்கில்லை. எனினும் ஜெர்மனி, இத்தாலியோடு செய்த கூட்டணியை அவர் வரவேற்கவில்லை. ராணுவத்துக்கு உகந்த முறையில் நிறுவனத்தை மாற்றியமைக்கும் நெருக்குதலுக்கும் இணங்கவில்லை. கியோசாவா கியோஷி போன்ற தாராளவாத எழுத்தாளர்களுக்கு எழுத இடம் இருந்த இதழ்களில் அதுவும் ஒன்று. 1934-இல் அவர் தொடங்கிய ஆங்கிலத் திங்களிதழும் போர் முடியும்வரை நிற்கவில்லை.

1944 பிப்ரவரியில் அவருடைய இரண்டாம் மகன் பசிபிக் தீவான குவாஜலீனில் போரில் இறந்தார். அதே ஆண்டில் தன்சான் நிதி அமைச்சரிடம் பேசி, தோல்விக்குப் பின் பொருளாதாரத்தை எப்படி நடத்துவது என்று ஆராயும் குழு ஒன்றை ஓசையின்றி ஏற்படுத்த வைத்தார். தோல்வி என்ற சொல்லையே உச்சரிக்க முடியாத காலம் அது. டோக்கியோ வீடு குண்டுவீச்சில் எரிந்தது. இதழின் ஒரு பகுதி வடக்கே அகிதா மாவட்டத்தின் யோகோதே நகருக்கு இடம் பெயர்ந்தது. பேரரசர் சரணாகதியை வானொலியில் அறிவித்தபோது அவர் அங்கே இருந்தார். பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இதழில், ஜப்பானின் எதிர்காலம் ஒளிமயமானது என்று எழுதினார். நாடு சாம்பலாகக் கிடந்தபோது இப்படி எழுதியதைப் பித்து என்றுதான் பலர் நினைத்திருப்பார்கள். குடியேற்ற நாடுகளை இழந்தது இழப்பே அல்ல என்று 1921-இல் கணக்குப் போட்டு வைத்திருந்தவருக்கு அது இயல்பான முடிவு. அக்டோபரில், போரில் இறந்த வீரர்களை வழிபடும் யாசுகுனி கோயிலை மூடிவிட வேண்டும் என்றும் எழுதினார். மகனைப் போருக்குப் பறிகொடுத்த தந்தையின் எழுத்து அது.

அறுபது வயதைத் தாண்டிய பிறகே அரசியல் தொடங்கியது. 1946 ஏப்ரல் தேர்தலில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்று தோற்றார். தோற்றவரையே யோஷிதா ஷிகெரு தம் முதல் அமைச்சரவையில் நிதி அமைச்சராக்கினார். ஆலைகளும் ஆட்களும் வேலையின்றி நிற்கும்போது பற்றாக்குறை பட்ஜெட் போடுவது தவறல்ல, உற்பத்தியை எழுப்புவதே முதல் வேலை என்று கெய்ன்ஸைத் துணைக்கழைத்து நாடாளுமன்றத்தில் பேசினார். நிலக்கரிக்கும் உரத்துக்கும் உருக்குக்கும் கடன் கொடுக்க 1947 ஜனவரியில் மறுசீரமைப்பு நிதி வங்கி தொடங்கப்பட்டது. உற்பத்தி எழுந்தது, விலைவாசி அதைவிட வேகமாக எழுந்தது. பணவீக்கத்தின் தந்தை என்ற பழி இன்றுவரை அவரைவிட்டு நீங்கவில்லை. பழியில் ஒரு பகுதி நியாயமானது. போருக்குப் பின் ஆட்கள் வேலையின்றி இருந்தார்கள் என்பதைவிடப் பொருள்களே இல்லை என்பதுதான் பெரிய சிக்கல், அதற்குக் கெய்ன்ஸின் மருந்து முழுதும் பொருந்தாது. மறுபகுதியை, போருக்குப் பின் ஜப்பானில் நிலைகொண்ட நேச நாடுகளின் ஆக்கிரமிப்புப் படையின் கணக்கில் எழுத வேண்டும். அப்படையின் வீடுகள், கேளிக்கை வசதிகள் உட்பட எல்லாச் செலவையும் ஜப்பானிய அரசே கொடுத்தது. அது பொதுக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கியது. இதைக் குறைக்கும்படி தன்சான் நேருக்கு நேர் கேட்டார், ஓரளவு குறைக்கவும் வைத்தார். நெஞ்சழுத்தக்கார அமைச்சர் என்று மக்கள் அவரைச் சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

இந்தத் துணிச்சலுக்கான விலையை அவர் விரைவில் கொடுக்க நேர்ந்தது. 1947 ஏப்ரலில் ஷிசுஓகா இரண்டாம் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார். மே மாதம், ஆக்கிரமிப்புத் தலைமையகம் அவரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கி உத்தரவிட்டது. காரணம், அவர் இதழ் போரையும் ஏகாதிபத்தியத்தையும் ஆதரித்ததாம். பழைய இதழ்களிலிருந்து மேற்கோள்களை எடுத்து அவர் எழுதிய நீண்ட மறுப்பு பயன் தரவில்லை. யோஷிதா தமக்காகக் குரல் கொடுக்கவில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இறுதிவரை இருந்தது. விலக்கு நீங்க 1951 ஜூன் வரை நான்கு ஆண்டுகள் ஆயிற்று. போர்க்காலத்தில் ராணுவத்தால் சந்தேகிக்கப்பட்டவர் அமைதிக் காலத்தில் ராணுவத்தின் ஆதரவாளர் என்று தண்டிக்கப்பட்டது அக்கால விலக்கு நடவடிக்கையின் பெரிய அபத்தங்களில் ஒன்று.

திரும்பி வந்தவர் யோஷிதா எதிர்ப்புக் கோஷ்டியில் ஹதோயாமா இச்சிரோவோடு சேர்ந்தார். லிபரல் கட்சி அவரை 1952-இலும் 1954-இலும் இருமுறை வெளியேற்றியது. இரண்டாம் முறை அவரோடு வெளியேற்றப்பட்டவர் கிஷி நோபுசுகே. மஞ்சுகுவோவின் தொழில் திட்டத்தை வகுத்த அதிகாரி, போர்க்காலப் பிரதமர் தோஜோவின் அமைச்சரவையில் வணிக அமைச்சர், போர்க் குற்றச் சந்தேகத்தில் சுகாமோ சிறையில் இருந்து வழக்கின்றி 1948-இல் விடுதலையானவர். மஞ்சூரியாவை விட்டுவிடச் சொன்னவரும் மஞ்சூரியாவைக் கட்டி எழுப்பியவரும் யோஷிதாவின்மேல் இருந்த பகையால் ஒரே படகில் ஏறினர். 1954 நவம்பரில் ஜனநாயகக் கட்சி உருவானது. டிசம்பரில் ஹதோயாமா பிரதமரானார். தன்சான் இரண்டு ஆண்டுகள் வணிகத் தொழில் அமைச்சராக இருந்து, அமெரிக்காவின் முகச்சுளிப்புக்கிடையே கம்யூனிஸ்ட் சீனத்தோடு வணிகத்தை விரிக்க முயன்றார். 1955 நவம்பரில் இரு பழமைக் கட்சிகளும் இணைந்து லிபரல் ஜனநாயகக் கட்சி பிறந்தது.

சோவியத் ஒன்றியத்தோடு உறவை மீட்டபின் ஹதோயாமா விலக, 1956 டிசம்பர் 14 அன்று கட்சித் தலைவர் தேர்தல் நடந்தது. முதல் சுற்றில் கிஷி 223, தன்சான் 151, இஷியி மிட்சுஜிரோ 137. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் முதல் இருவருக்குள் இரண்டாம் சுற்று. இரண்டாமிடத்தவரும் மூன்றாமிடத்தவரும் முன்கூட்டியே கைகோத்திருந்தனர். தன்சானின் வலக்கரமான இஷிதா ஹிரோஹிதே முன்னின்று செய்த ஏற்பாடு இது. முடிவு: தன்சான் 258, கிஷி 251. ஏழு வாக்குகள். இந்தத் தேர்தலில் மூன்று தரப்பும் பணத்தை இறைத்ததாகவும் அமைச்சர் பதவிகளைத் தருவதாகத் தாறுமாறாக வாக்குறுதி அளித்ததாகவும் அப்போதே பேச்சு எழுந்தது. தூய அரசியலின் உருவமாகத் தன்சானை வரைபவர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கட்சியில் கோஷ்டிகள் நிலையாக இறுகியது இந்தத் தேர்தலிலிருந்துதான். அதில் அவர் தரப்புக்கும் பங்குண்டு.

வாக்குறுதிகளின் வட்டி அமைச்சரவை அமைக்கும்போதே வந்து நின்றது. டிசம்பர் 20 அன்று நாடாளுமன்றம் அவரைப் பிரதமராகத் தேர்ந்தும், பங்கீட்டுச் சண்டை தீராததால் 23 அன்று எல்லாத் துறைகளையும் தாமே தற்காலிகமாக ஏற்றுப் பதவியேற்க வேண்டியதாயிற்று. தோற்ற கிஷியை வெளியே விட்டால் கட்சி பிளந்துவிடும் என்பதால் அவருக்கு வெளியுறவுத் துறை போயிற்று. நிதி, இகேதா ஹயாதோவுக்கு. கட்சிப் பொதுச் செயலாளர் மிகி தகேயோ. இஷிதா அமைச்சரவைத் தலைமைச் செயலர் ஆனார்.

1957 ஜனவரி 8 அன்று ஐந்து உறுதிமொழிகளை அறிவித்தார்: நாடாளுமன்றத்தை ஒழுங்காக நடத்துதல், அரசியலிலும் அரசு அலுவலகங்களிலும் ஒழுக்கம், வேலையும் உற்பத்தியும் பெருக்குதல், நலவாழ்வு அரசு, உலக அமைதி. இகேதா தயாரித்த பட்ஜெட்டில் 10,000 கோடி யென் வரிக் குறைப்பும் 10,000 கோடி யென் புதிய திட்டங்களும் முழக்கமாக முன்வைக்கப்பட்டன. 72 வயதுப் பிரதமர் கடுங்குளிரில் ஊர் ஊராகப் பேசச் சென்றார். ஜனவரி 23 அன்று, வாசெதாவில் படித்துப் பிரதமரான முதல் மாணவருக்குப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் திறந்தவெளிப் பாராட்டு விழா நடந்தது. ஓரிரு நாளில் வீட்டில் சரிந்து விழுந்தார். நுரையீரல் அழற்சி என்று வெளியே சொன்னார்கள். உண்மையில் மூளை இரத்தக் குழாயில் ஏற்பட்ட இலேசான அடைப்பு.

ஜனவரி 31 முதல் கிஷி தற்காலிகப் பிரதமராக இருந்தார். பிப்ரவரி 4 அன்று இஷிபாஷி அரசின் கொள்கை உரையை நாடாளுமன்றத்தில் வாசித்தவரும் அவரே. பட்ஜெட் விவாதம் நடக்கும் பிப்ரவரி, மார்ச்சில் பிரதமர் குழுவின் முன் நாள்தோறும் அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். இரண்டு மாத ஓய்வு கட்டாயம் என்று மருத்துவர்கள் பிப்ரவரி 22 அன்று சொன்னதும் தன்சான் முடிவெடுத்துவிட்டார். அவையில் ஒருநாள்கூட நிற்க முடியாத தாம் பதவியில் தொடர்வது தம் அரசியல் மனசாட்சிக்கு ஒவ்வாது என்ற பொருள்படக் கிஷிக்கும் மிகிக்கும் கடிதம் எழுதினார். மறுநாள் அமைச்சரவை விலகியது. இன்றைய அரசமைப்பின்கீழ் நாடாளுமன்றத்தில் ஒரு முறைகூட உரையாற்றாமலும் பதிலளிக்காமலும் போன பிரதமர் அவர் ஒருவரே.

இந்த முடிவுக்குப் பின்னால் பழைய தலையங்கம் ஒன்று இருந்தது. 1930 நவம்பரில் டோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்ட பிரதமர் ஹமாகுச்சி ஒசாச்சி, மாதக்கணக்கில் அவைக்கு வர இயலாத நிலையிலும் பதவியைப் பற்றிக்கொண்டிருந்தார். பிரதமர் இல்லாத நாடாளுமன்றம் மக்களாட்சியின் மதிப்பையே கெடுக்கும், அவர் உடனே விலக வேண்டும் என்று எழுதியவர் தன்சான். 1957-இல் அந்தத் தலையங்கத்தை வேறு எவரும் நினைவூட்டும்முன் அவரே தமக்குப் பொருத்திக்கொண்டார். எதிர்க்கட்சியான சோஷலிஸ்டுகளும் இதைப் பாராட்டினர்.

பாராட்டு ஒருபுறம் இருக்க, பதவி கிஷியின் கைக்குப் போனது. எனவேதான் தன்சான் தொடர்ந்திருந்தால் என்ற கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது. அமெரிக்காவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தால் 1960-இல் எழுந்த கொந்தளிப்பு நடந்திருக்காது, சீனத்தோடு உறவு பதினைந்து ஆண்டு முன்பே மலர்ந்திருக்கும் என்பது அவர் அன்பர்களின் நம்பிக்கை. இது அளவுக்கு மீறிய நம்பிக்கை. கட்சிக்குள் அவருக்கு இருந்த பெரும்பான்மை ஏழு வாக்குகள். அதுவும் கடன் வாங்கியது. வெளியுறவுத் துறை கிஷியிடம் இருந்தது. 1952-இல் தைவானிலிருந்த சீன அரசோடு அமைதி ஒப்பந்தம் செய்துகொண்ட நாடு அமெரிக்காவை மீறிப் பெய்ஜிங்கை ஏற்பது அன்று நடக்கக்கூடியதாக இல்லை. வணிகம் கூடியிருக்கலாம், கிஷி காலத்தில் 1958-இல் நேர்ந்ததுபோல் முற்றாக அறுபடாமல் இருந்திருக்கலாம். அதற்குமேல் சொல்வது ஆசையே.

செய்ய முடிந்ததை அவர் பதவியில்லாமல் செய்தார். உடல் தேறியதும் 1959 செப்டம்பரில் பெய்ஜிங் சென்று சீனப் பிரதமர் சௌ என்லாயோடு கூட்டறிக்கை வெளியிட்டார். அறுந்த வணிகம் 1962 நவம்பரில் சீனத்தின் லியாவ் செங்ஜி, ஜப்பானின் தகாசாகி தட்சுனோசுகே இருவரும் செய்த உடன்பாட்டால் மீண்டும் இணைய அந்தப் பயணம் வழிகோலியது. 1960 மே மாதம் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் கிஷி நள்ளிரவு வாக்கெடுப்பில் நிறைவேற்றியபோது, மிகியோடும் வேறு சிலரோடும் அவையைப் புறக்கணித்தார். கிஷி விலக வேண்டும் என்று வற்புறுத்திய முன்னாள் பிரதமர்களுள் அவரும் ஒருவர். 1961-இல் ஜப்பான், சீனம், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் சேர்ந்த அமைதிக் கூட்டணி என்ற திட்டத்தை முன்வைத்தார். கனவு என்று ஒதுக்கப்பட்டது. 1963 தேர்தலில் தோற்று அரசியலிலிருந்து விலகினார். நிச்சிரென் பிரிவின் ரிஷ்ஷோ பல்கலைக்கழகத் தலைவராக 1952 முதல் 1968 வரை இருந்தது தனிக் கதை.

அவருடைய இரண்டு வழிகளும் பிறர் கைகளில் தொடர்ந்தன. நிதி அமைச்சகத்தில் அவர்கீழ் துணை அமைச்சராக உயர்ந்து, பின் அவருக்கே நிதி அமைச்சராக இருந்த இகேதா, 1960-இல் பிரதமராகி வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தை அறிவித்தார். உற்பத்தியைப் பெருக்கினால் மற்றவை பின்தொடரும் என்ற தன்சானின் பழைய நம்பிக்கை அங்கே அரசின் கொள்கையாயிற்று. 1972 செப்டம்பரில் சீனத்தோடு உறவை மீட்கப் புறப்படும்முன் பிரதமர் தனாகா ககுஎய், நோயுற்றிருந்த தன்சானைச் சென்று கண்டு சொல்லிவிட்டுப் போனார். ஏழு மாதம் கழித்து, 1973 ஏப்ரல் 25 அன்று, 88 வயதில் தன்சான் காலமானார்.

2024 நவம்பரில் சிறுபான்மை அரசின் பிரதமராக நாடாளுமன்றத்தில் பேச எழுந்த இஷிபா ஷிகெரு, கட்சிகள் கலந்து பேசி அவையை நடத்த வேண்டும் என்பதற்கு 1957 பிப்ரவரியின் இஷிபாஷி அரசு உரையை மேற்கோளாக எடுத்தார். தன்சானின் வாயால் அவையில் ஒலிக்காத உரை அது. அவருடைய தொகுப்பு நூல்கள் 1970-க்கும் 1972-க்கும் இடையில் 15 தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றைத் திறப்பவர்கள் 1957-இன் பக்கங்களைத் தேடிப் போக வேண்டாம். 1921-இல் எழுதிய அந்த இரண்டு கட்டுரைகளிலிருந்து தொடங்கட்டும்.